ஐந்து கட்டையில் ஒளிந்திருந்த இரைச்சல்: பெரியப்பாவின் ஒலிக்கருவிகளோடு ஒரு வீட்டு ஒலிப்பதிவு

என் பெரியப்பா 1980களிலும் 1990களிலும் சென்னையில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு மிக்சர் (பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் கருவி) பார்த்துக்கொண்டவர். பகலில் அலுவலகம், மாலையில் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று ஓடியவர். அவர் காலமான பிறகு திருவல்லிக்கேணி வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டிகள் இரண்டையும் சென்ற ஐப்பசி மழையில் நான் நங்கநல்லூருக்குக் கொண்டுவந்தேன். "எடைக்குப் போட மனசு வரலப்பா, நீயாவது எடுத்துட்டுப் போ" என்று பெரியம்மா சொன்னபோது, அவற்றை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பாட்டுக் கற்றுக்கொள்ளும் மகள் இருந்ததால், அவள் பாடுவதை வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்ற எண்ணம் பெட்டியைத் திறந்த பிறகுதான் வந்தது.

பெட்டிகளில் இருந்தவை இவை: ஷூர் எஸ்எம்58 மைக் ஒன்று, கால் அங்குல பின் பொருத்திய உள்நாட்டு மைக் ஒன்று, ஆறு சேனல் மிக்சர், கேசட் டெக், காதை முழுக்க மூடும் ஹெட்போன், இரண்டு மைக் ஸ்டாண்டு, 14 கேபிள்கள், 26 கேசட்டுகள். கேசட் டெக் பர்மா பஜாரில் வாங்கியது என்று பெரியம்மா சொன்னார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் கடற்கரைச் சாலையில் அமைந்த அந்தக் கடைவரிசைதான் அந்நாளில் வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வாங்க நினைத்த சென்னைவாசிகளின் முதல் இடம். நான் புதிதாக வாங்கியது ஒன்றே ஒன்று: இரண்டு மைக் இணைக்கக்கூடிய, யுஎஸ்பி வழியாக மடிக்கணினியில் சேரும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ். மென்பொருளுக்கு ஆடாசிட்டி போதுமானதாக இருந்தது; அது இலவசம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்

இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த கருவியை நேராகச் சுவரில் செருகக் கூடாது. திருவல்லிக்கேணி வீடு கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது; உப்புக்காற்று பின்களிலும் சாக்கெட்டுகளிலும் பச்சைப் பூச்சாகப் படிந்திருந்தது. மிக்சரின் பவர் கார்டு வளைத்த இடங்களிலெல்லாம் வெடித்திருந்ததால் முதலில் அதை மாற்றினேன். டெக்கின் பின்புறத்தில் இருந்த வோல்டேஜ் செலக்டர் 220இல்தான் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த பல கருவிகளில் 110, 220 என்று இரண்டு நிலைகள் உண்டு. 110இல் நிற்கும் கருவிக்கு நம்முடைய 230 வோல்ட்டைக் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

அடுத்து சீரீஸ் லேம்ப். ரேடியோ மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவரும் எளிய முறை இது. கருவிக்குப் போகும் பேஸ் கம்பியின் நடுவில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையாக இணைத்துவிட்டு ஸ்விட்சைப் போட வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கருவியின் உள்ளே ஷார்ட் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மிக்சர், டெக் இரண்டிலும் பல்பு மங்கியது. அந்த மங்கலை மிக்சர் நலமாக இருப்பதற்கான சான்றாக நான் எடுத்துக்கொண்டது, பிறகு எனக்கு மூன்று வாரத்தை வீணாக்கிய தவறு. ஷார்ட் இல்லை என்பதற்கு மேல் அந்தப் பல்பு எதையும் சொல்வதில்லை.

முதல் பதிவும் முதல் புகாரும்

மகள் பாடும் சுருதி ஐந்து கட்டை, அதாவது கீபோர்டில் ஜி. எஸ்எம்58ஐ மிக்சரின் முதல் சேனலிலும், எலக்ட்ரானிக் தம்புராவை மூன்றாவது சேனலிலும் கொடுத்து, மிக்சரின் வெளியீட்டை இன்டர்ஃபேஸுக்குக் கொண்டுவந்து, ஒரு வர்ணத்தைப் பதிவு செய்தோம். கேட்டுப் பார்த்தபோது குரல் தெளிவாகவே இருந்தது. ஆனால் மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அப்பா, தம்புரா ஆடற மாதிரி இருக்கு. நேர்ல கேட்டா ஆடல, இதுல ஆடுது" என்றாள்.

நான் மைக்கைச் சந்தேகித்தேன். வயதான மைக்கின் உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்று நினைத்து, அதன் வலைமூடியைக் கழற்றி, உள்ளே பிசுபிசுப்பான தூளாகியிருந்த ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்துப் புதியது வைத்தேன். அது செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. உண்மையில் மைக்கைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. 1966இலிருந்து தயாரிக்கப்பட்டுவரும் அந்த டைனமிக் மைக்கில் ஒரு சவ்வு, அதில் ஒட்டிய சுருள், ஒரு காந்தம், ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைத் தவிர வேறு பெரிதாக ஒன்றுமில்லை. காலத்தால் வற்றிப்போகிற உறுப்பு அதில் கிடையாது. அடிபடாமலும் நனையாமலும் இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் பாடும். மேலும், தம்புரா அந்த மைக் வழியாக வரவே இல்லை, கேபிள் வழியாகத்தான் வந்தது. அந்த எளிய உண்மையைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை.

வழி கிடைத்தது வெறுமையைப் பதிவு செய்தபோதுதான். மின்விசிறியை நிறுத்தி, தம்புராவை அணைத்து, யாரும் பேசாமல், எல்லாக் கருவிகளும் ஓடிக்கொண்டிருக்க 30 வினாடி பதிவு செய்தேன். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தில் பார்த்தபோது 100, 200, 300 ஹெர்ட்ஸில் ஊசிபோல மூன்று முனைகளும், 50 ஹெர்ட்ஸில் சிறிய முனை ஒன்றும் நின்றன.

ஐந்து கட்டையின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம், அதாவது நடுக்குரலின் 'ஸ', 196 ஹெர்ட்ஸ். இரைச்சலில் இருந்தது 200 ஹெர்ட்ஸ். இவ்வளவு நெருக்கமான இரண்டு ஒலிகள் சேர்ந்து கேட்கும்போது, அவற்றின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை ஒலி வினாடிக்கு ஏறி இறங்கும். இங்கே நான்கு முறை. மகளின் காதில் தம்புரா ஆடியது அதுதான். தம்புரா ஆடவே இல்லை; மின்சாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சற்று ஏற்றமாகச் சுருதி போட்டுக்கொண்டிருந்தது. தம்புராவின் ஒலிக்குள் மறைந்துவிட்டதால் நாங்கள் இருவருமே அதை இரைச்சலாக உணரவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் மடங்குகள் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே விழுகின்றன. இந்த மடங்குகளிலிருந்து விலகிய சுருதியில் பாடுபவர் வீட்டில் இதே கோளாறு வெறும் இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும், இவ்வளவு நாள் ஏமாற்றியிருக்காது.

இதை மென்பொருளில் வடிகட்டிவிடலாமே என்று தோன்றலாம். நானும் முயன்றேன். 100ஐயும் 200ஐயும் அறுத்தால் 98இல் இருக்கும் மந்திர (கீழ் ஸ்தாயி) ஷட்ஜமும் 196இல் இருக்கும் மத்திய ஷட்ஜமும் கூடவே தேய்கின்றன. இரைச்சல் போன இடத்தில் தம்புரா வெளிறிப்போய் நின்றது. எனவே இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

மிக்சரை விலக்கியது

இரைச்சலின் எண்களே ஓரளவு காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். பவர் சப்ளைக்குள் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள் அலையின் இரண்டு பாதிகளையும் பயன்படுத்துவதால் அங்கே மிஞ்சும் அலைவு 50இன் இரட்டிப்பாக, 100 ஹெர்ட்ஸாக இருக்கும். அதைச் சமன்செய்ய வேண்டியவை மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள். அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல மெல்ல வற்றும். பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் பொதுக் கணக்கு. சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் எத்தனை கோடைகள் கழிந்தன என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. மிக்சரைத் திறந்தபோது இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

மிக்சரைச் சங்கிலியிலிருந்து எடுத்துவிட்டு மைக்கை நேராக இன்டர்ஃபேஸில் செருகி மறுபடியும் வெறுமையைப் பதிவு செய்தேன். 100, 200, 300 மூன்றும் போய்விட்டன. பெரியப்பாவின் கையெழுத்தில் "பாடகி", "பாடகர்", "தபேலா" என்று ஒட்டுத்தாள் ஒட்டிய அந்த மிக்சர்தான் பெட்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள். அதை வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று விரும்பியதே என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன். ஒரே ஒரு குரலையும் ஒரு தம்புராவையும் பதிவு செய்ய ஆறு சேனல் மிக்சர் தேவையே இல்லை; இன்டர்ஃபேஸின் இரண்டு உள்ளீடுகள் போதும். கெப்பாசிட்டர் மாற்றும் வேலை தனியாக நடக்கட்டும் என்று எடுத்து வைத்தேன்.

மிச்சமிருந்த 50 ஹெர்ட்ஸ்

சிறிய முனை அப்படியே இருந்தது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் அது மறைந்தது. சார்ஜரை மாட்டினால் திரும்பி வந்தது. அப்போதுதான் மகள் வேறொன்றையும் சொன்னாள்: மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று இருக்கிறது என்று. உலோக உடல் கொண்ட மடிக்கணினியைப் புறங்கையால் தடவினால் எனக்கும் அந்த அதிர்வு தெரிந்தது. இதை யாரும் சிறிய விஷயமாக விட்டுவிடக் கூடாது.

மூன்று பின் சார்ஜர்களில் மின்சாரக் குப்பையை எர்த்துக்கு அனுப்புவதற்காகப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் எர்த் பின்னோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கருவியின் உடல் ஏறக்குறைய பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட்டுக்கு அருகில் தொங்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை, சுருக்கென்ற உணர்வோடு போகும். ஆனால் அதே எர்த் இல்லாத இணைப்பில் நாளை ஒரு கருவியின் உள்ளே பேஸ் கம்பி உடலைத் தொட்டுவிட்டால், பாடுகிறவளின் உதட்டுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் எதுவுமே இருக்காது.

மல்டிமீட்டரில் பேஸ், நியூட்ரல் இடையே 232 வோல்ட் காட்டியது. பேஸ், எர்த் இடையிலும் அதே அளவு காட்டியிருக்க வேண்டும். 90க்கும் 110க்கும் இடையே நிலையில்லாமல் அலைந்தது. எலக்ட்ரீஷியன் பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்த ரூமுக்கு எர்த் வயரே இழுக்கல. ஓட்டை மட்டும்தான் இருக்கு" என்றார். மெயின் போர்டிலிருந்து பச்சைக் கம்பி இழுக்க அரை நாள் ஆனது. அதன் பிறகு உதட்டில் பட்ட சுருக்கும் 50 ஹெர்ட்ஸ் முனையும் ஒன்றாகவே போயின. இரைச்சலைப் போக்க எர்த் பின்னை உடைத்துவிடும்படி ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

கேபிள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 14இல் ஐந்து நன்றாக இருந்தன, ஆறில் பின்னோடு சேரும் இடத்தில் ஈயப்பற்று விட்டிருந்தது, திரும்பப் பற்றவைத்தேன், மூன்றைக் கழித்தேன். மைக் கேபிளின் முனையில் இருக்கும் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் இணைப்பியில் முதல் பின் உறை, இரண்டும் மூன்றும் ஒலி; மீட்டரில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாலே அறுந்த இடம் தெரிந்துவிடும். கால் அங்குல பின் வைத்த உள்நாட்டு மைக் பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கேற்ற உயர் இம்பிடன்ஸ் (மின்னெதிர்ப்பு) வகை. அதைச் சாதாரண மைக் உள்ளீட்டில் கொடுத்தால் ஒலி மங்கிப்போகிறது. இன்டர்ஃபேஸில் கிடாருக்கென்று இருக்கும் உள்ளீட்டில் கொடுத்தபோது உயிர் வந்தது. ஆனாலும் அதன் குரல் மண்டபத்து அறிவிப்பைப் போலவே இருந்ததால் பாட்டுக்கு அதைப் பயன்படுத்தவில்லை.

அறை

நங்கநல்லூரில் தலைக்கு மேல் விமானம், தெருவில் ஆட்டோ, கீழே தண்ணீர் மோட்டார். மொசைக் தரையும் காங்கிரீட் கூரையும் வெற்றுச் சுவரும் கொண்ட அறையில் கை தட்டினால் ஒலி கிணுகிணுத்துத் திரும்பியது. இந்த நிலையில் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் விலை உயர்ந்த கண்டென்சர் மைக் வாங்கியிருந்தால் விமானத்தைத்தான் இன்னும் தெளிவாகப் பதிவு செய்திருப்போம்.

டைனமிக் மைக் வெளியிலிருந்து வரும் சத்தத்தை வடிகட்டிவிடும் என்று பலர் சொல்வது முழுதும் சரியில்லை. எந்த மைக்காக இருந்தாலும் பாடுகிறவர் தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும், அறையின் சத்தம் அப்படியே இருக்கும். டைனமிக் மைக்கில் நெருங்கிப் பாடுவது வழக்கம் என்பதால் அந்தப் பெயர் அதற்குக் கிடைத்தது. ஆனால் மிகவும் நெருங்கினால் அடிக்குரல் பருத்துவிடும். நாங்கள் 5 செ.மீ.யில் தொடங்கி, மந்திர பஞ்சமத்தில் குரல் குடம்போல் ஒலித்ததைக் கேட்டு, கடைசியில் 15 செ.மீ.யில் நின்றோம். மந்திர பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ், தம்புராவின் மந்திர ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ் என்பதால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அறுத்துவிடுவதில் நட்டமில்லை. தரையில் வரும் அதிர்வும் பேருந்தின் உறுமலும் அதோடு போய்விடும்.

எஸ்எம்58 முன்பக்கத்தை நன்றாகவும் நேர்ப்பின்பக்கத்தை மிகக் குறைவாகவும் கேட்கும். அதனால் பாடுகிறவர் ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போது மைக்கின் முதுகு தெருவைப் பார்க்கும். மைக்கின் முகம் பார்ப்பது பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும். எனவே ஒலியை உறிஞ்சும் பொருள் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். நான் முதலில் மைக்கின் பின்னால் பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டிருந்தேன். ஒரு பயனும் இல்லை. அதை எடுத்துவிட்டு, நான்கு அங்குலக் கனமுள்ள இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டை அவள் முதுகுப்புறச் சுவரில் சாய்த்தபோது கிணுகிணுப்பு அடங்கிவிட்டது. கோரைப்பாயைச் சுவரில் மாட்டிப் பார்த்ததிலும் வித்தியாசம் தெரியவில்லை; கனம்தான் வேலை செய்கிறது.

விசிறி ரெகுலேட்டர் புதிய எலக்ட்ரானிக் வகையாக இருந்தால், விசிறி மெதுவாக ஓடும்போது அது வீட்டுக் கம்பிகளில் ஒரு ரீங்காரத்தைக் கலக்கும். மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அப்படித்தான். விசிறி இல்லாமல் சென்னையில் எவ்வளவு நேரம் பாட முடியும் என்பது வேறு கேள்வி. காலை ஐந்து மணிக்கு, இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டோம்.

பதிவின் அளவைப் பொறுத்தவரை, 24 பிட்டில் பதிவு செய்யும்போது ஊசியைச் சிவப்புவரை ஏற்ற வேண்டிய அவசியமில்லை. கேசட் காலத்தில் நாடாவின் இரைச்சலைத் தாண்ட அளவை ஏற்றினார்கள். இப்போது தாரஸ்தாயி உச்சத்தில் −12 டெசிபெல், அதாவது உச்ச வரம்புக்கு 12 டெசிபெல் கீழே, தொட்டால் போதும்.

கேசட்டுகள்

வேறு எந்தக் கருவியாலும் செய்ய முடியாத ஒரு வேலை கேசட் டெக்குக்கு இருந்தது. மோட்டார் சுழன்றது, நாடா நகரவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் தார்போல உருகி ஒட்டியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பெல்ட் ஓடும் வழியின் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிடச் சற்றுச் சிறிய பெல்ட்டை மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி வாங்கினேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் அதை இழுத்து நகர்த்தும் பிஞ்ச் ரோலரையும் சுத்தம் செய்த பிறகு பாட்டு வந்தது, ஆனால் எல்லோரும் சற்று உயர்ந்த குரலில் பாடினார்கள்.

கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சரிபார்க்க அளவுகோல் வேண்டுமே என்று யோசித்தபோது நாடாவிலேயே அது இருந்தது: நிகழ்ச்சி தொடங்குமுன் கிடார்காரர் சுருதி சேர்க்கக் கீபோர்டுக்காரர் ஆறு கட்டையை, அதாவது ஏ சுரத்தை, அழுத்திப் பிடிக்கிறார். கீபோர்டு 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்கப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அந்தச் சுரம் பதிவாகியிருந்த ஆறு கேசட்டுகளில் ஐந்தில் அது 452ஐ ஒட்டி இருந்தது, ஆறாவதில் 441. ஐந்து ஒன்றுபோல் சொல்லும்போது குறை டெக்கில்தான். மோட்டாரின் பின்னால் உள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி 440க்குக் கொண்டுவந்தேன். ஆறாவது கேசட் இப்போது 429 காட்டுகிறது. அது வேகமாக ஓடிய வேறொரு ரிக்கார்டரில் பதிவானது போலும், அதைக் கணினியில் மட்டும் திருத்தினேன்.

அந்த ஐந்தில் ஒன்றின் தொடக்கத்தில், வெற்று மண்டபத்தில், ஓர் உறுமல் கேட்கிறது. பெரியப்பாவின் குரல்: "தம்பி, ஒவ்வொண்ணா கழட்டுப்பா. மொதல்ல மூணாம் நம்பர்." ஒரு கிளிக். உறுமல் தொடர்கிறது. "சரி, அத மாட்டிட்டு அடுத்தது." இன்னொரு கிளிக்கில் உறுமல் நிற்கிறது. நான் மூன்று வாரத்தில் கண்டுபிடித்ததை அவர் முக்கால் நிமிடத்தில் செய்து முடித்திருந்தார். பெரியம்மா அதை இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரு தடம் என்ற கணக்கில் ஏறக்குறைய 780 எம்பி. 26 கேசட்டுகளுக்கும் சேர்த்து 40 ஜிபிதான் ஆகிறது. இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் வைத்துக்கொள்ள இது பெரிய அளவே இல்லை. இரண்டு கேசட்டுகளில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தது; திருகு வைத்த வேறு கூடுகளுக்கு நாடாவை மாற்றினேன். மூன்றில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சை. அவற்றை ஓட்டினால் பூஞ்சைத்தூள் டெக்குக்குள்ளும் மற்ற கேசட்டுகளுக்கும் பரவும் என்பதால், தனியாகச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். பங்குனி வெயில் வந்து காற்று உலர்ந்த பிறகு, முகக்கவசம் அணிந்து, கையால் சுற்றித் துடைத்துப் பார்க்க வேண்டும். மிக்சருக்கான கெப்பாசிட்டர்கள் வாங்கியாயிற்று. 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகை.